மாமாவின் மொரிஸ் மைனர்

வாழைச்சேனையிலிருந்து வாகரைக்கு ஹயர் போவதென்றால் அந்நாளில் மொரிஸ் மைனர்தான். கிறவல் பாதை, பனிச்சங்கேணி வாவியின் உப்புக் காற்று, அப்பால் வெருகலில் ஆற்றைக் கடக்க மிதவைப் பாதை. என் மாமா இந்த வழியில் காரோட்டிப் பிழைத்தவர். பிரசவ வேதனையில் துடித்த பெண்களை நடுச்சாமத்தில் ஏற்றி வந்திருக்கிறார்; காசு இல்லாதவர்களிடம் கேட்டதில்லை. அவர் கார் ஓடிக்கொண்டிருந்த அதே காலத்தில் அதைச் செய்த கம்பனி தேய்ந்துகொண்டிருந்தது என்பது எங்களுக்குப் பிந்தித்தான் விளங்கிற்று.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த அந்தக் கார் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1971 வரை பதினாறு இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். 1952இல் மொரிஸும் ஒஸ்டினும் இணைந்தன. 1968இல் லேலண்டோடு சேர்ந்து பெருங்கம்பனியாயின. பெருத்ததே வினையாயிற்று. ஒரே கூரையின் கீழ் ஒன்றுக்கொன்று போட்டியான பல கார்கள், ஓயாத வேலைநிறுத்தங்கள். மைனருக்குப் பதிலாக 1971இல் வந்த மெரினாவின் முன்சில்லுகளைத் தாங்கும் அமைப்புக்கூட மைனரிலிருந்து எடுத்ததுதான். டொயோட்டாவும் டட்சனும் உலகச் சந்தையில் முன்னேறிக்கொண்டிருந்த காலம் அது. 1975இல் பிரித்தானிய அரசே கம்பனியைப் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று.

இங்கு எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு. புதுக் கார் வருவதே அரிது. அந்த மூடிய கதவுதான் மொரிஸைக் காத்தது. உதிரிப்பாகம் கிடைக்காவிட்டால் லேத்துக்காரர் கடைந்து தருவார். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது. ஜப்பானிலும் நம்மைப்போல வீதியின் இடப்பக்கமே ஓட்டம். அங்கு பாவித்த வாகனங்கள் இங்கு அப்படியே ஓடின. ஹயேஸ் வேன் வாகரைப் பக்கமும் வந்தது. மீன்பெட்டிகளையும் ஏற்றி, பத்துப் பேரையும் ஏற்றலாம். மொரிஸில் நெருக்கினாலும் ஐந்து பேர்.

மாமாவின் காரில் பிறந்த பிள்ளையின் வாப்பாவே ஒருநாள் அவருக்குக் கைகாட்டிவிட்டு வேனில் ஏறிப் போனார். "காருல குறையில்ல மருமகன், ஆக்களுக்குத் தேவ மாறிட்டு" என்றார் மாமா. அப்படிச் சொன்னவரே இரண்டு வருஷம் விட்டுக்கொடுக்காமல் காரோடு நின்றார். மாமியின் காப்பு அடகுக்குப் போயிற்று. மூத்த மகளின் கலியாணப் பேச்சும் தள்ளிப்போனது. கடைசியில் காரை விற்று ஒரு வேனுக்குப் பங்காளியானார். பணத்தை எண்ணி வாங்கும்போது காரின் பக்கம் அவர் திரும்பவில்லை.

மாமாவுக்கு மாற ஒரு வழி இருந்தது. லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு அதுவும் இருக்கவில்லை. பலமுறை பெயர் மாறி, கை மாறி, 2000இல் பத்துப் பவுணுக்கு விற்கப்பட்ட அந்தக் கம்பனி 2005இல் மூடப்பட்டது. ஏறத்தாழ ஆறாயிரம் பேர் வேலையிழந்தார்கள். அந்நிய வாகனம் கெடுத்தது என்று சொல்வது சுலபம். ஆக்களின் தேவை மாறியதை மாமா இரண்டு வருஷத்தில் ஏற்றுக்கொண்டார். அந்தக் கம்பனியை நடத்தியவர்களுக்கு இருபது வருஷமும் போதவில்லை. மாமி காப்பை இழந்ததுபோல, அங்கும் விலை கொடுத்தவர்கள் முடிவெடுக்காதவர்கள்தான்.

இன்னொன்றும் உண்டு. தொண்ணூறுகளில் மொரிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்கள் இலங்கையில் செய்யப்பட்டு இங்கிலாந்துக்குப் போயின. அங்கே பழைய கார்களைப் பேணுகிறவர்கள் வாங்கினார்கள். மாமாவிடம் சொன்னேன். சிரித்தார். "நம்மட லேத்துக்காரனுக்கு அப்பவே தெரிஞ்ச வேலதானே" என்றார்.