ஏறுகிறாளா, இறங்குகிறாளா?

படத்தின் மூன்றாவது நிமிடத்தில் சிறுமி கையிலிருக்கும் தண்ணீர் பாட்டிலுக்கு நீல மூடி. அடுத்த ஷாட்டில் குரங்கு பிடுங்கிக்கொண்டு ஓடும் பாட்டிலுக்கு வெள்ளை மூடி. இதைக் கண்டுபிடித்தது கேமரா பிடித்தவனும் இல்லை, இயக்கியவனும் இல்லை. ஒரு பழைய நோட்டில், ஷாட் ஷாட்டாக, யார் என்ன உடுத்தியிருந்தார்கள், வெயில் எந்தப் பக்கம், தலையில் பூ இருந்ததா என்று எழுதிக்கொண்டே வந்த பெண்தான் கண்டுபிடித்தாள். "குரங்கை மறுபடி வரச்சொல்ல முடியாது சார். நாமதான் மாறணும்" என்றாள். வெள்ளை மூடி பாட்டில் குரங்கோடு போனது போனதுதான். அடிவாரக் கடைகளில் கிடைத்ததெல்லாம் நீல மூடி. கடைசியில் யாரோ வீட்டிலிருந்து வெள்ளை நெயில் பாலிஷ் கொண்டுவர, மூடிக்குப் பூசிக் காயவைத்து, சிறுமி வரும் ஷாட்டைத் திரும்ப எடுத்தார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது அந்த மூடிதான் காய்ந்துகொண்டிருந்தது.

தருமபுரி மாவட்டம் அரூரிலிருந்து பேருந்தில் வந்தால் தீர்த்தமலை தூரத்திலேயே தெரிந்துவிடும். தீர்த்தகிரீசுவரர் கோயிலுக்குப் படியேறுகிறவர்கள் மேலே பாறையிலிருந்து விழும் இராமர் தீர்த்தத்தில் தலை நனைத்து, பாட்டிலில் பிடித்துக்கொண்டு இறங்குவார்கள். இராமன் சிவபூசைக்கு நீர் கொண்டுவர அனுமனை அனுப்பினான். அனுமன் வர நேரமானது. இராமனே அம்பெய்து மலையிலேயே ஊற்றைத் திறந்துகொண்டான் என்பது தலக்கதை. பிந்தி வந்த அனுமன் தான் கொண்டுவந்த நீரை வீசியெறிய, அது விழுந்த இடம் தென்பெண்ணைக் கரையிலுள்ள அனுமன் தீர்த்தம். அருணகிரிநாதர் பாடிய தலம் இது. படமெடுக்கும் மாணவர்களுக்குப் பிடித்தது அனுமனின் கோபம்தான். தண்ணீர் கொண்டுவரப் போனவர் தாமதித்தால் என்ன ஆகும்? அதிலிருந்து, கைப்பேசியில் எடுத்த ஏழு நிமிடப் படம் ஒன்று பிறந்திருக்கிறது. காய்ச்சலில் கிடக்கும் ஆயா, தீர்த்தம் எடுத்துவரப் பேத்தியை அனுப்புகிறாள். பாதி வழியில் குரங்கு பாட்டிலைப் பிடுங்கிவிடுகிறது. பேத்தி இறங்கி வந்து, அடிவாரக் குழாயில் வேறொரு பாட்டிலை நிரப்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். அவ்வளவுதான் கதை. வசனம் நாலைந்து வரி.

2022இல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் சிறார் படங்களை மாதந்தோறும் திரையிடத் தொடங்கினார்கள். அதில் காட்டப்பட்ட 'தி ரெட் பலூன்' 1956இல் வந்த பிரெஞ்சுப் படம், 34 நிமிடம். பாரிஸ் தெருக்களில் ஒரு பையன், அவன் பின்னாலேயே வரும் சிவப்பு பலூன். பேச்சு ஏறக்குறைய இல்லை. இந்தக் குழுவில் அதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். "டயலாக் இல்லாமலும் படம் ஓடும்னு அப்பதான் தெரிஞ்சது" என்றான் ஒருவன். வசனத்தை மனப்பாடம் செய்யும் தொல்லை இல்லை என்பது அவனுக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

படிக்கட்டில் படமெடுப்பது பார்க்க எளிது. எடுத்ததை ஒட்டிப் பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்திருக்கிறது. ஒரு ஷாட்டில் சிறுமி திரையின் இடமிருந்து வலமாக ஏறுகிறாள். கேமரா படிக்கட்டின் மறுபக்கம் போனதும் அடுத்த ஷாட்டில் வலமிருந்து இடமாக ஏறுகிறாள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் போனவள் ஏன் திரும்பி வருகிறாள் என்று தோன்றும். "ஏறுறாளா, இறங்குறாளா?" என்று கேட்டது யார் என்பதில் இன்னும் தகராறு. பிறகு அவர்களாகவே ஒரு விதி போட்டுக்கொண்டார்கள்: ஏறும்போதும் இறங்கும்போதும் கேமரா எப்போதும் புளியமரம் இருக்கும் பக்கம்தான். படப்பிடிப்புத் தளங்களில் லெஃப்ட் லுக், ரைட் லுக் என்று உதவி இயக்குநர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது இதே விஷயத்துக்குத்தான். இன்னொன்றையும் கண்டுபிடித்திருந்தார்கள். படிகளை மேலேயிருந்து எடுத்தால் மலை தட்டையாகிவிடுகிறது. கீழே குந்தி உட்கார்ந்து எடுத்தால்தான் செங்குத்து தெரிகிறது.

வெயிலும் சேர்ந்து படுத்தியது. உச்சி நேரத்தில் பாறைச் சூட்டில் கைப்பேசி தானாக அணைந்துவிடும். முகத்தில் விழும் கறுப்பு நிழலைப் போக்க, டிவி வந்த பெட்டியிலிருந்த தெர்மாகோலை ஒருவன் ஏந்தி நின்றான். அவன் வேலை அது மட்டும்தான். முழுப் படத்துக்கும் அதை மட்டுமே செய்திருக்கிறான். இடம் போதாமல் போனில் இருந்த கல்யாண வீடியோவை அழித்தார்கள், வீட்டுக்குச் சொல்லாமல். பிலிம் காலத்தில் 35 மி.மீ. சுருள் 400 அடி ஓடினால் நாலரை நிமிடம்கூட வராது. ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் கேமராவைத் தொடுவார்கள். இவர்கள் ஒத்திகையையும் எடுத்துவைத்துவிடுகிறார்கள். அதில் லாபமும் இருந்திருக்கிறது.

ஆயாவாக நடித்தது ஒரு மாணவியின் சொந்த ஆயா. குழாய்த் தண்ணீர் என்று அவளுக்குத் தெரியுமா, தெரியாதா என்பதில் குழு இரண்டாகப் பிரிந்து, ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. தெரிந்து திட்டவேண்டும் என்றது ஒரு கட்சி. தெரியாமல் குடித்துப் பிழைக்கவேண்டும் என்றது மறு கட்சி. ஒத்திகையில், வசனம் எதுவும் சொல்லித்தராதபோது, ஆயா ஒரு மடக்கு குடித்துவிட்டு, "மேல கூட்டமா பாப்பா?" என்று கேட்டாள். பேத்தி தலையை மட்டும் ஆட்டினாள். அதைத்தான் படத்தில் வைத்திருக்கிறார்கள். தெரிந்து கேட்டாளா என்று நான் ஆயாவிடமே கேட்டேன். "கூட்டமான்னுதான் கேட்டேன்" என்றாள்.

மாணவர்கள் கூடிப் படமெடுத்ததற்குத் தமிழில் பெரிய உதாரணம் 1986இல் வந்த 'ஊமை விழிகள்'. ஆபாவாணனும் இயக்குநர் அரவிந்தராஜும் திரைப்படக் கல்லூரியிலிருந்து நண்பர்களோடு வந்து, விஜயகாந்தை வைத்து சினிமாஸ்கோப்பில் எடுத்த படம். கல்லூரிப் பையன்களால் வணிகப் படம் எடுக்க முடியும் என்பதை அது காட்டியது. பிறகு 'நாளைய இயக்குநர்' தொலைக்காட்சி நிகழ்ச்சி வந்தது. அதில் குறும்படம் எடுத்த கார்த்திக் சுப்புராஜ் 2012இல் 'பீட்சா' எடுத்தார். நலன் குமாரசாமி 2013இல் 'சூது கவ்வும்' எடுத்தார். நல்லதுதான். ஆனால் அந்த வெற்றிகள் ஒரு பழக்கத்தையும் விட்டுப்போயின. குறும்படம் என்றால் இயக்குநராக வரப்போகிறவரின் விண்ணப்பம் என்று ஆகிவிட்டது. அந்தக் குறும்படங்களில் மைக் பிடித்தவர் யார் என்று நம்மில் ஒருவருக்கும் தெரியாது. தீர்த்தமலையில் எல்லாரும் முதலில் கேமராவுக்குத்தான் அடித்துக்கொண்டார்கள். நோட்டும் தெர்மாகோலும் மிச்சம் இருந்தவர்களுக்குப் போயின. படம் நிற்பது அந்த மிச்சம் இருந்தவர்களால்தான் என்பது என் எண்ணம்.

கேமராக்காரனுக்கும் ஒரு துக்கம் உண்டு. விடியுமுன் ஏறி, பனி விலகும்போது மலையை எடுத்திருக்கிறான். நாற்பது விநாடி, அருமையான ஷாட். கதையில் சிறுமி ஏறுவது நண்பகலில் என்பதால் அதை வெட்டிவிட்டார்கள். டைட்டில் ஓடும்போதாவது போடலாம் என்று கெஞ்சியிருக்கிறான். அதற்கும் நோட்டுக்காரி சம்மதிக்கவில்லை: "விடியக்காலைன்னு காட்டிட்டு உடனே உச்சி வெயில்னா, அவ எங்க போயிருந்தா?" நானாக இருந்தால் அந்த ஷாட்டை விட்டிருக்க மாட்டேன். ஆனால் கேள்விக்கு என்னிடமும் பதிலில்லை.

இப்போது மீதியிருப்பது ஒலி. நடிப்பவரின் சட்டைப் பையில் இன்னொரு கைப்பேசியைப் பஞ்சு சுற்றி வைத்துப் பதிவு செய்கிறார்கள். தொடக்கத்தில் ஒருவன் கேமரா முன் கைதட்டுவான். கை சேரும் படத்தையும் சத்தத்தையும் பொருத்தினால் மற்றதெல்லாம் பொருந்திவிடும். கிளாப் பலகையின் வேலையும் அதுவே. காற்றைப் பஞ்சு தடுத்துவிட்டது. ஊர் மைக்செட்டைத் தடுக்கவில்லை. ஆயா கேட்கும் அந்த ஒரு வரிக்குப் பின்னால் முழுச் சத்தத்தில் சினிமாப் பாட்டு.

"டப்பிங் பண்ணிடலாம். பெரிய படத்துலயே பண்றாங்க" என்றான் இயக்குநர். தமிழ் சினிமா நெடுங்காலம் அப்படித்தான் ஓடியது. அவன் சொன்னதில் தப்பில்லை.

"ஆயா அதே மாதிரி திரும்பச் சொல்லுமா?" என்றான் ஒலிக்காரன். அதுவரை அவன் வாயே திறக்கவில்லை. "ஆடி முடியட்டும்ணா. மைக்செட்டு ஓயும். அங்கயே போய் எடுத்துக்கலாம்."

"ஆடி முடியறதுக்குள்ள பரீட்சை வந்துடும்டா."

நோட்டுக்காரி பக்கத்தைப் புரட்டி, அன்றைக்கு ஆயா கட்டியிருந்த புடவை என்ன நிறம் என்று தேட ஆரம்பித்தாள்.