பேட்டரி தண்ணீரில் கழுவிய கேசட்

டிசம்பர் 22, 2023

சிந்துபூந்துறையில் அக்கா வீட்டுக்குள் இன்றுதான் கால் வைக்க முடிந்தது. 17ஆம் தேதி ராத்திரி ஏற ஆரம்பித்த தாமிரபரணி, சுவரில் மார்பளவுக்குக் கோடு போட்டுவிட்டு வடிந்திருக்கிறது. பீரோவின் கீழ்த்தட்டில் என் கேசட் பெட்டி இருந்தது. டவுணில் எங்கள் வீட்டில் இடம் போதாமல் வருஷக்கணக்காக அங்கே கிடந்தது. திறந்தால் ஒரே களிமண். அக்கா ஒவ்வொன்றாக எடுத்து வாளியில் போட்டுக்கொண்டே வந்தாள். ஒன்றைப் பிடுங்கிக்கொண்டேன். அட்டை கூழாகிவிட்டது; ஆனால் கூட்டின் மேல் காம்பஸ் முனையால் நான் கீறியிருந்த பெயர் அழியவில்லை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்?'

"எலே, மெத்தையெல்லாம் தெருவுல கெடக்கு. ஒனக்கு இதுவா பெருசு?" என்றாள்.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மண் அள்ளப் போனேன்.

டிசம்பர் 24

இரவு. தூக்கம் வரவில்லை.

1986இல் வந்த தொகுப்பு. அதே வருஷம்தான் 'மௌன ராகம்', 'புன்னகை மன்னன்' எல்லாம். ரத வீதியில் எந்த டீக்கடையைத் தாண்டினாலும் ராஜா. ஆனால் இந்தத் தொகுப்பு எந்த டீக்கடையிலும் ஒலித்து நான் கேட்டதில்லை. டவுணில் கேசட் பதிந்து கொடுக்கிற கடையில் கேட்டபோது, "என்ன படம்?" என்றார் கடைக்காரர். படம் இல்லை. "யாரு பாடுனது?" யாரும் பாடவில்லை. கையில் வைத்துக்கொண்டு அடுக்குகளைப் பார்த்தார். சினிமா வரிசையில் வைக்கப் படம் இல்லை. கச்சேரி வரிசையில் வைத்தால் ட்ரம்ஸும் பேஸ் கித்தாரும் கேட்கிறது. இங்கிலீஷ் வரிசையில் வைத்தால் உள்ளே தியாகராஜர் உட்கார்ந்திருக்கிறார். கடைசியில் கல்லா மேஜைக்கு அடியில் வைத்தார். அது எடுபடாமல் போனதற்கு இசை காரணமில்லை, அதை வைக்க நம்மிடம் அடுக்கு இல்லாததுதான் காரணம் என்று அன்றைக்கும் நினைத்தேன், இன்றைக்கும் அதைத்தான் நினைக்கிறேன்.

டிசம்பர் 26

மருமகன் வந்திருந்தான். கித்தார் வாசிக்கிறவன். "மாமா, எண்பதுகள்ல நம்ம நாட்டுல ராக் ஆல்பமே வரலையா?" என்றான். பம்பாயில் ராக் மெஷின் என்ற குழு 1988இல் முழு ஆங்கிலத் தொகுப்பே போட்டது, பின்னால் இண்டஸ் க்ரீட் என்று பெயர் மாற்றிக்கொண்டது என்று சொன்னேன். அவர்கள் ராக் என்று சொல்லிக்கொண்டே வந்தவர்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்பே, இன்னதென்று பெயர் சொல்லாமல், என்ன பெயர் வைப்பது என்ற கேள்வியையே பெயராக வைத்துக்கொண்டு ஒன்று மெட்ராஸிலிருந்து வந்தது என்று கேசட்டைக் காட்டினேன்.

"போன்லயே கெடைக்குமே மாமா."

கிடைக்கட்டும், கேள் என்றேன். எனக்கு இது வேண்டும்.

டிசம்பர் 28

நல்ல வேளை, திருகாணி போட்ட கூடு. ஐந்தையும் கழற்றினேன். நாடா நாலு மில்லிமீட்டர் அகலம்கூட இல்லை; அதன் இரும்புத்துகள் பூச்சில்தான் எல்லாம் இருக்கிறது. ஆற்று மண்ணோடு ஓடவிட்டால் பூச்சும் போகும், டேப்பின் ஹெட்டும் போகும். குழாய்த் தண்ணீரில் உப்பு. அதனால் மெக்கானிக் கடையில் பேட்டரி தண்ணீர் இரண்டு பாட்டில் வாங்கி, நாடாச் சுருளைத் தாம்பாளத்தில் அமிழ்த்தினேன். முதல் தண்ணீர் காப்பி நிறத்தில் வந்தது, நாலாவதுதான் தெளிந்தது. தேய்க்கக் கூடாது. வெயிலிலும் வைக்கக் கூடாது, நாடா நெளிந்துவிடும். மச்சில் நிழலில் காயவைத்திருக்கிறேன்.

டிசம்பர் 31

மருமகன் போனில் கேட்டுவிட்டு வந்தான். முகமே வேறாக இருந்தது. 'மேட் மாட் மூட் ஃபியூக்' என்றால் என்ன என்று கேட்டான். நெல்லையப்பர் கோயில் நாதஸ்வரத்தை வைத்துச் சொன்னேன். இரண்டு நாயனம் சேர்ந்து ஒரே வரியை வாசிப்பது நம் வழக்கம். ஃபியூக்கில் முதல் நாயனம் ஒரு வரியை வாசித்து முடித்ததும், இரண்டாவது அதே வரியை வேறு சுருதியில் எடுக்கும். முதலாவது நிற்காது, அதற்கு எதிராக வேறொன்றைச் சொல்லிக்கொண்டே போகும். பிறகு மூன்றாவது. யாரும் யாருக்கும் பக்கவாத்தியம் இல்லை.

இதைப் படித்துத்தான் எழுத முடியும். பண்ணைப்புரத்திலிருந்து மெட்ராஸ் போய் தன்ராஜ் மாஸ்டரிடம் ராஜா உட்கார்ந்து கற்றது அது. தொகுப்பை அவர் காணிக்கையாக்கியது இருவருக்கு, பாக், தியாகராஜர். பாக் இறந்தது 1750. தியாகராஜர் பிறந்தது 1767. நடுவில் பதினேழு வருஷம். ஒருவரை ஒருவர் பார்த்திருக்க வழியில்லை. 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ராஜா அந்தச் சந்திப்பைத் தன் வீட்டில் வைத்துக்கொள்கிறார். பாக் ஒற்றை வயலினுக்கு எழுதிய மூன்றாம் பார்ட்டிட்டாவின் முதல் பகுதி ஓடிக்கொண்டே இருக்கிறது. அதை நிறுத்தாமல், சுற்றிலும் நம் வயலின்கள் எழும்புகின்றன. விருந்தாளியைப் பேசவிட்டுக்கொண்டே இலை போடுகிற மாதிரி. இந்தத் தொகுப்பில் வி.எஸ். நரசிம்மனின் வயலினை நான் கேட்காத மாதம் அந்த வயதில் இல்லை.

ஜனவரி 3, 2024

நாடா காய்ந்துவிட்டது. பழைய கேசட் ஒன்றின் கூட்டில் பொருத்தி, பென்சிலை விட்டுச் சுற்றினேன். இரண்டு இடத்தில் மடிப்பு. அறுந்து போகவில்லை.

ஜனவரி 6

டேப்ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு சிந்துபூந்துறை போனேன். சுண்ணாம்பு அடிக்கவில்லை, கோடு அப்படியே இருக்கிறது. தரையில் உட்கார்ந்து போட்டோம். ஆரம்பத்தில் மூச்சுத் திணறுகிற மாதிரி ஒலி மங்கி மங்கி எழுந்தது. பிறகு வயலின்கள் வந்துவிட்டன. மடிப்பு இருந்த இடத்தில் ஒரு விக்கல்.

துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தாள். "இத நான் கேட்ருக்கேன்ல. அந்த வீடு கட்டுத படம்... தாத்தா வருவாவளே."

பாலு மகேந்திராவின் 'வீடு', 1988. அந்தப் படத்துக்குப் பின்னணியாக இந்தத் தொகுப்பிலிருந்துதான் எடுத்தார்கள். பாட்டே இல்லாத படம். கட்டி முடியாத வீட்டைச் சொக்கலிங்க பாகவதர் தடவித் தடவிப் பார்த்தது அக்காவுக்கு இத்தனை வருஷம் கழித்தும் இருக்கிறது. மேஜைக்கு அடியில் கிடந்தது, பெயர் தெரியாமலே இவளிடம் வந்து சேர்ந்திருக்கிறது. இவ்வளவு காலமும் இவள் வீட்டுப் பீரோவில்தான் இருந்தது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தாள்.

"திருப்பிப் போடு."

பெட்டியில் 'நத்திங் பட் விண்ட்' மிச்சம் இருக்கிறது. 1988, ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல். அது திருகாணி இல்லாமல் ஒட்டின கூடு. ஓரத்தில் கத்தி வைத்துத்தான் பிளக்க வேண்டும். நாளைக்கு இன்னும் இரண்டு பாட்டில் தண்ணீர் வாங்கணும்.