இரண்டு நாளில் ஒரு வருடம்

இந்த ஊருக்கு ரயில் கிடையாது, சாலை கிடையாது, கால் வைக்கத் தரையும் கிடையாது. பெயர் மட்டும் இந்தியப் பெயர்: சந்தமசா. சமஸ்கிருதத்தில் 'மேகம் கவிந்தது' என்று பொருள். சுமார் 340 ஒளியாண்டு தொலைவில் பிபா என்ற நட்சத்திரத்தைச் சுற்றிவரும் கிரகம் இது. பிபாவிலிருந்து இப்போது வந்து சேரும் ஒளி, ஔரங்கசீப் தக்காணத்தில் போரிட்டுக் கொண்டிருந்த காலத்தில் கிளம்பியது.

வழி சுலபம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, இரவு வானில் சிம்ம ராசியின் மகம் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து தெற்கே இறங்க வேண்டும். செக்ஸ்டன்ஸ் என்ற மங்கலான நட்சத்திர மண்டலம் வரும். பிபா அங்கேதான். வெறும் கண்ணுக்குச் சிக்காது; நல்ல பைனாகுலர் வேண்டும்.

சந்தமசாவையோ யாருமே பார்த்ததில்லை. அதன் ஈர்ப்பில் பிபா நொடிக்கு சுமார் 200 மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் அசைகிறது. அந்த அசைவை வைத்தே 2006-ல் கிரகம் கண்டுபிடிக்கப்பட்டது. எடை வியாழனைப் போல் குறைந்தது ஒன்றரை மடங்கு. நட்சத்திரத்திலிருந்து தூரம் வெறும் 52 லட்சம் கி.மீ.; சூரியனிலிருந்து புதன் இருக்கும் தூரத்தில் பதினொன்றில் ஒரு பங்குதான். ஒரு சுற்றுக்கு 2 நாள் 3 மணி நேரம். சனிக்கிழமை காலை புத்தாண்டு என்றால் திங்கள் மதியம் அடுத்த புத்தாண்டு.

கற்பனையில் ஒரு பயணி அங்கே போய்ச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மேகங்களுக்கு மேலே, நம் சூரியனைவிட முப்பது மடங்குக்கு மேல் அகலமான நெருப்புத் தட்டு வானத்தை அடைத்து நிற்கும். அது உதிப்பதுமில்லை, மறைவதுமில்லை. ஒரு பக்கம் என்றும் பகல், மறுபக்கம் என்றும் இரவு. இரண்டுக்கும் இடையே ஓயாத காற்று. பகல் பக்கம் ஆவியாக எழும் கனிமங்கள், இரவுப் பக்கம் மழையாக விழக்கூடும். குடை உதவாது.

பெயர்கள் வந்தது 2019-ல், சர்வதேச வானியல் சங்கம் நாட்டுக்கொரு நட்சத்திரத்தைப் பெயரிடக் கொடுத்தபோது. புனே பள்ளி மாணவர் ஒருவர் 'சந்தமசா' என்றார். சூரத் பொறியியல் மாணவர் ஒருவர் 'பிபா' என்றார். வங்காளியில் ஒளிக்கற்றை. அது இயற்பியலாளர் பிபா சௌதுரியின் பெயரும்கூட.

கொல்கத்தாவில் 1913-ல் பிறந்த பிபா, தேவேந்திர மோகன் போஸுடன் சேர்ந்து டார்ஜிலிங் மலைகளில் புகைப்படத் தகடுகளை வைத்து, காஸ்மிக் கதிர்களின் தடங்களைப் படித்தவர். அதுவரை அறியப்படாத துகளின் அடையாளங்களை 1940-களின் தொடக்கத்தில் 'நேச்சர்' இதழில் இருவரும் வெளியிட்டனர். தரமான தகடுகள் போர்க்காலத்தில் கிடைக்கவில்லை, வேலை நின்றது. மேம்பட்ட தகடுகளோடு 1947-ல் அதே வழியில் பை-மேசானை உறுதிசெய்த பிரிட்டனின் செசில் பவலுக்கு 1950-ல் நோபல் பரிசு. பிபா 1991-ல் காலமானார். பெரிய தேசிய விருது எதுவும் அவரைத் தேடி வரவில்லை.

கண்ணுக்குத் தெரியாததைத் தடத்தை வைத்தே கண்டவர் அவர். யாரும் பார்த்திராத ஒரு கிரகம் இன்று அவர் பெயரைச் சுற்றி வருகிறது. மூத்தவர்கள் தர மறந்ததை ஒரு மாணவர் தந்திருக்கிறார், 28 ஆண்டு தாமதமாக.