சேறு காத்த கோட்டை

பூர்தாங்கேக்கு ரயில் கிடையாது. நெதர்லாந்தின் வடகிழக்கு மூலையில், குரோனிங்கன் நகரத்திலிருந்து உருளைக்கிழங்கு வயல்களுக்கு நடுவே பேருந்து மாறிப் போக வேண்டும். ஜெர்மன் எல்லை நடந்து போகும் தூரம்தான். மக்கள்தொகை நானூற்றுச் சொச்சம். நம் பக்கத்தில் ஒரு சுமாரான கல்யாணத்துக்கே அதைவிடக் கூட்டம் வரும்.

வானத்திலிருந்து எடுத்த படங்களில் ஐந்து முனை நட்சத்திரமாகத் தெரியும் கோட்டை, தரையில் நிற்பவன் கண்ணுக்கு அகப்படுவதில்லை. புல் மூடிய மண்மேடும் அகழித் தண்ணீரும்தான் தெரிகின்றன. செஞ்சியில் ஏறி இறங்கியவனுக்கு இதைக் கோட்டை என்று ஒப்புக்கொள்ளவே மனம் வரவில்லை. ஆனால் பீரங்கிக் காலத்துக் கணக்கு வேறு. உயர்ந்த கல்மதில் குண்டு பட்டால் சிதறும். தாழ்ந்த மண்மேடு குண்டை விழுங்கிவிடும். முனைகளில் துருத்தி நிற்கும் கொத்தளங்கள் ஒன்றின் பக்கவாட்டை இன்னொன்று காக்கும்படி அமைந்தவை. எதிரி ஒண்டிக்கொள்ள மூலையே இல்லை.

1580-இல் குரோனிங்கன் நகரம் ஸ்பெயின் பக்கம் சாய்ந்தது. ஸ்பெயினை எதிர்த்துக் கிளர்ந்திருந்த ஆரஞ்சு இளவரசர் வில்லியம், அந்த நகரத்துக்கு ஜெர்மனியிலிருந்து வரும் பாதையை அடைக்க இங்கே கோட்டை எழுப்பச் சொன்னார். பாதை என்றால், கண்ணுக்கெட்டிய தூரம் பரந்த சதுப்பு நிலத்துக்கு நடுவே ஓடிய ஒரு மணல்திட்டு. அதை விட்டு விலகினால் படையும் வண்டியும் புதைந்துபோகும். வேலை பாதியில் நின்று, 1593-இல் அவருடைய தம்பி மகன் வில்லெம் லோடெவெய்க் காலத்தில்தான் கோட்டை முடிந்தது. மறு ஆண்டே குரோனிங்கன் வீழ்ந்தது.

திருவள்ளுவர் அரணுக்கு நீர், நிலம், மலை, காடு என்று நான்கைச் சொல்கிறார். சேற்றைச் சொல்லவில்லை. பூர்தாங்கேயின் அசல் அரண் சேறுதான் என்று எனக்குப் படுகிறது. 1672-இல் மியூன்ஸ்டர் ஆயர் பெர்ன்ஹார்ட் ஃபான் காலன் படையோடு வந்தார். கோட்டையை ஒப்படைத்தால் இரண்டு லட்சம் கில்டர் தருவதாக ஆசை காட்டினாராம். தளபதி ப்ரோட், ‘உங்களுக்குக் கொடுக்க என்னிடம் அத்தனை துப்பாக்கிக் குண்டு இருக்கிறது’ என்று பதில் அனுப்பினாராம். ஊர்க்காரர்கள் ரசித்துச் சொல்லும் கதை இது. தளபதியின் வாய்த்துடுக்கு இருக்கட்டும், சுற்றிலும் சதுப்பு இருந்த தைரியமும் அதில் பாதி.

சதுப்பு வடிய வடியக் கோட்டைக்கு வேலை போயிற்று. 1851-இல் ராணுவம் அதைக் கைவிட்டது. மேடுகள் தரைமட்டமாயின, அகழிகள் தூர்ந்தன. படைவீரர் ஊர் விவசாயிகள் ஊரானது. நூறு வருஷம் கழித்து அதுவும் நலிந்தது. இளைஞர்கள் வேலை தேடி வெளியேற, வீடுகள் பாழடைந்தன. 1960-களில் உள்ளூர் நிர்வாகம் எடுத்த முடிவு விசித்திரமானது: ஊரைக் காப்பாற்ற, கோட்டையை மறுபடி கட்டுவது. 1967-இல் தொடங்கிய வேலை 1992 வரை நடந்தது. கோட்டை மிகப் பெரிதாக இருந்த 1742-ஆம் ஆண்டை மாதிரியாக வைத்துக்கொண்டார்கள்.

ஆக, நான் ஏறி நின்ற ‘பழைய’ மதில் என்னைவிட இளையது. கொத்தளத்தில் நிற்கும் காற்றாலையும் நகல். அசல் பக்கத்துக் கிராமமான தெர் ஹாருக்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே இடம் மாறிவிட்டது. அகழிமேல் தொங்கும் மரக் கழிப்பறையைக்கூட விடாமல் கட்டியிருக்கிறார்கள். எல்லோரும் அதன்முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். நானும்தான். இதைப் பொம்மைக் கோட்டை என்று கேலி பேசுவது எளிது. ஆனால் வீட்டு வாசலில் சைக்கிள் நிற்கிறது, கொடியில் துணி காய்கிறது. பாழாக விட்டிருந்தால் இவை இருந்திருக்குமா?

என் குறை வேறு. 1742 என்று ஓர் ஆண்டைப் பிடித்து நிறுத்தியதில், படைவீரர் போனபிறகு இங்கே வாழ்ந்தவர்கள் கதையிலிருந்து நழுவிவிடுகிறார்கள். பீரங்கிக்கும் அகழிக்கும் விளக்கம் நிறைய; உருளைக்கிழங்கு போட்டவர்களைப் பற்றிப் பேச்சு குறைவு. நல்லவேளையாக, 1742-க்குப் பொருந்தாத இரண்டு கட்டடங்களை இடிக்காமல் வைத்திருக்கிறார்கள். ஒன்று, 19-ஆம் நூற்றாண்டில் புதுப்பித்துக் கட்டிய சீர்திருத்தத் தேவாலயம். இன்னொன்று, அதே நூற்றாண்டில் எழுந்த சிறிய யூதத் தொழுகைக்கூடம். எல்லையோர வியாபாரத்தை நம்பி வந்த யூதக் குடும்பங்கள் இங்கே தலைமுறைகளாக வாழ்ந்தன. நாஜி ஆக்கிரமிப்பில் அவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். எந்தப் பகைவனுக்கும் பணியாத கோட்டை என்று பெருமை பேசும் ஊரில், சொந்த ஊர்க்காரர்களைக் காக்க அந்த மேடோ அகழியோ உதவவில்லை. அப்போது அவை பெரும்பாலும் இருக்கவும் இல்லை. கூடம் இப்போது அருங்காட்சியகம். நேரம் குறைவாக உள்ளவர்கள் பீரங்கிகளை விட்டுவிட்டு நேரே அங்கே போகலாம்.