பதினாறாம் நாள்

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் அரிப்பு, சிலாபத்துறைக் கரையில் கடல்கட்டி என்று ஒருவர் இருப்பார். சுறாவின் வாயைக் கட்டுவது அவர் தொழில். அவர் மந்திரம் சொல்லாவிட்டால் குளியாட்கள் கல்லைப் பிடித்துக்கொண்டு இறங்கமாட்டார்கள். ஆட்கள் இறங்காவிட்டால் அரசுக்கு வருமானம் இல்லை. அதனால் வெள்ளைக்கார அரசே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. 1859இல் வெளிவந்த இலங்கை பற்றிய நூலில் எமர்சன் டெனன்ட் இதை எழுதிவைத்திருக்கிறார். அவர் பார்க்கப் போன நேரம் கடல்கட்டிக்குச் சுகமில்லை. பதிலுக்கு ஓர் ஆள் வந்திருந்தாராம். தனக்கு மந்திரம் ஒன்றும் தெரியாது, ஆனால் பெரியவரின் ஆளாகத் தான் நிற்பதே போதும், சுறாக்கள் மதித்து நடக்கும் என்று அந்தப் பதிலாள் உறுதி சொன்னாராம். காப்புறுதி முகவர் வேலைக்கு இதைவிடத் தகுதியான ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அந்தக் கடல்கட்டிக் குடும்பத்தின் தலைவர் அப்போது கத்தோலிக்கர் என்பதையும் டெனன்ட் குறிப்பிடுகிறார். அதை யாரும் பிசகாக எடுத்ததாகத் தெரியவில்லை. ஒன்றுக்கு இரண்டாகக் காவல் இருக்கட்டும் என்று நினைக்கிற குணம் எங்கள் கரைக்குப் புதிதில்லை.

டெனன்டுக்கு ஐந்நூற்றைம்பது வருடம் முந்திய மார்க்கோ போலோ சொல்வது எனக்கு இன்னும் பிடிக்கும். மீனைக் கட்டும் பிராமணர்களுக்கு எடுக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு போகுமாம். அவர்கள் கட்டும் கட்டு அன்றைய பகலுக்கு மட்டும். பொழுதுபட்டதும் தாங்களே அவிழ்த்துவிடுவார்கள், இரவில் களவாக இறங்குகிறவனைச் சுறா பார்த்துக்கொள்ளட்டும் என்று. கட்டுப்பணம், காப்பு, கெடு மூன்றும் அதில் இருக்கின்றன.

ஸ்காபரோவில் இருக்கும் என் மருமகன் மடு மாதாவின் ஆவணித் திருநாளுக்கு வர ஆயத்தமானபோது இந்தக் கெடு என் மேசைக்கு வந்தது. "மாமா, கார்ட்டில எல்லாம் கிடக்கு. வேற இன்சூரன்ஸ் ஒண்டும் தேவையில்லை" என்று வட்ஸ்அப்பில் சொன்னான். அந்தக் கடனட்டைக்கு வருடச் சந்தா கட்டுகிறானாம். விமானச் சீட்டையும் அதிலேதான் எடுத்தானாம். அட்டையின் காப்புறுதிப் புத்தகத்தை அனுப்பு, பார்ப்போம் என்றேன். கச்சேரியில் சுற்றுநிருபம் படித்தே தலை நரைத்தவன் நான். எழுத்துச் சிறிதாக இருந்தால் அங்கேதான் ஏதோ இருக்கிறது என்று நினைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

இருந்தது. அறுபத்தைந்து வயதுக்கு உட்பட்டவருக்கு ஒவ்வொரு பயணத்திலும் முதல் 15 நாள் மட்டும் வைத்தியச் செலவுக் காப்பு. நாளை எண்ணுவது கட்டுநாயக்காவில் இறங்கும்போது தொடங்குவதில்லை, அங்கே புறப்படும் நாளிலேயே தொடங்கிவிடும். அவன் ஆகஸ்ட் 3 ரொறன்ரோவில் ஏறி, டோகாவில் மாறி, கொழும்பிலிருந்து மதவாச்சி வழியாக மன்னாருக்கு வந்து கால் நீட்டுவதற்குள் இரண்டு நாள் தின்றாயிற்று. பதினைந்தாம் நாள் ஆகஸ்ட் 17. மடுத் திருநாள் 15ஆம் திகதி. தேர் பார்த்த களைப்புத் தீர்வதற்குள் காப்பு முடிந்துவிடும். திரும்பும் சீட்டோ செப்டெம்பர் 6க்கு. மிச்சம் 20 நாள் வெறும் மேல்.

சொன்னதும் அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "அப்ப அந்த 20 நாளுக்கு ஒரு டொப் அப் எடுக்கிறன்." கனடாவில் இது வழமைதான். அட்டை கொடுக்கும் நாளுக்கு மேல் தேவையான நாளை வேறு நிறுவனத்தில் வாங்கி ஒட்டிக்கொள்வார்கள். முழுப் பயணத்துக்கும் எடுப்பதைவிட மலிவு. கணக்கும் சரியாகத்தான் வருகிறது: 15ம் 20ம் 35.

எனக்குத்தான் மனம் கேட்கவில்லை. கிடுகு வேய்ந்த வீட்டில் பிறந்தவனுக்குத் தெரியும், ஒழுக்கு கிடுகின் நடுவில் வருவதில்லை, ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் இடத்தில்தான் வரும். இந்த இரண்டு பத்திரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பன்னிரண்டாம் நாள் மடுவில் வெயிலில் நின்றவனுக்கு நெஞ்சு நோகிறது. மன்னார் வைத்தியசாலையில் ஈசிஜி எடுக்கிறார்கள், குளிசை கொடுத்து இரண்டு நாளில் விடுகிறார்கள். இதுவரை அட்டைக்காரன் பொறுப்பு. பதினெட்டாம் நாள் திரும்பவும் நோ. அட்டைக்காரன், என் காலம் முடிந்தது என்பான். இரண்டாவது நிறுவனமோ, எங்கள் காப்பு தொடங்கியது பதினாறாம் நாள், அதற்கு நாலு நாளுக்கு முன்பே உமக்கு இந்த வருத்தம் இருந்திருக்கிறது, ஆகவே இது ஏற்கெனவே இருந்த நோய் என்பான். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இரண்டு பத்திரமும் செல்லுபடியானவை. மனிதன்தான் நடுவில் நிற்கிறான்.

ஏற்கெனவே இருந்த நோய் என்பதற்கு அவர்கள் வைத்திருக்கும் அளவும் விசித்திரமானது. புறப்படுவதற்கு முன் 90 நாள், சில பத்திரங்களில் 180 நாள், நோய் ஒரே நிலையில் இருந்திருக்க வேண்டும். மருந்தைக் கூட்டினால் நிலை குலைந்தது. குறைத்தாலும் பல பத்திரங்களில் குலைந்ததுதான். மருமகனுக்குப் பிரஷர் குளிசையை டொக்டர் வைகாசியில் அரைவாசியாக்கியிருந்தார். நல்ல செய்தி என்று தாய்க்குப் போன் எடுத்துச் சொன்னவன், அதே செய்தியால் காப்பு போகும் என்று எங்கே கண்டான்?

நான் சொன்னது இதுதான்: வைத்தியச் செலவுக்கு முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை ஒரே பத்திரம் எடு, குளிசை விஷயத்தை ஒளிக்காமல் எழுதி எடு. அட்டையிலுள்ளதைப் பயணப் பைக்கும் விமானத் தாமதத்துக்கும் சீட்டு ரத்தாவதற்கும் விடு. டொப் அப்தான் வேண்டுமென்றால் அட்டைக்குப் பின்னால் நிற்கிற அதே காப்புறுதி நிறுவனத்திடம் நீட்டிக்கக் கேள், பதினாறாம் நாளில் புதிய பத்திரமாகத் தொடங்காமல் பழையதன் தொடர்ச்சியாகத் தருவார்களா என்று எழுத்தில் வாங்கு. அவன் சத்தமில்லாமல் இருந்தான். பிறகு, "கூடக் காசு வருமே மாமா" என்றான். வரும்.

இரண்டு காப்பு இருந்தால் இரண்டு மடங்கு காசு என்றொரு எண்ணமும் எங்கள் ஆட்களிடம் உண்டு. வைத்தியச் செலவில் அது நடக்காது. பில் எவ்வளவோ அவ்வளவுதான், கொடுப்பதை நிறுவனங்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளும். ஒன்ராறியோ மாகாண அரசின் மருத்துவக் காப்பான ஓஹிப் முதலில் தன் பங்கைத் தரும்: வெளிநோயாளருக்கு நாளொன்றுக்கு 50 டொலர், தங்கி வைத்தியம் பார்த்தால் கூடியது 400. விபத்து மரணத்துக்கென்று எழுதிய தொகை மட்டும் வேறு. அதை இரண்டு பத்திரமும் தனித்தனியே கொடுக்கலாம். ஆக, இரட்டிப்பாக வாங்க வேண்டுமென்றால் சாக வேண்டும்.

இங்கே இருக்கிற நாங்கள் காப்பை வேறு விதமாகப் பார்த்துப் பழகியவர்கள். 1990ஐ அடித்தால் சுவசெரிய அம்பியுலன்ஸ் காசில்லாமல் வரும். 2018இல் அது வடக்குக்கும் வந்தது. மன்னாரில் பார்க்க முடியாததை யாழ்ப்பாணத்துக்கோ அனுராதபுரத்துக்கோ அனுப்புவார்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர் மனதில் இருப்பது கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரி. பத்திரத்தில் இருப்பதோ, தகுந்த வைத்தியம் கிடைக்கக்கூடிய கிட்டிய இடம். அது எது என்று முடிவுசெய்வது காப்புறுதி நிறுவனத்தின் வைத்தியர். அந்த நிறுவனத்தின் உதவி நிலையத்துக்குச் சொல்லாமல் நீங்களாக வாகனம் பிடித்து முந்நூறு கிலோமீற்றர் ஓடினால், பிறகு பற்றுச்சீட்டை வைத்துக்கொண்டு கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான். கனடாவில் இலவசமாக எடுபடும் தொலைபேசி இலக்கம் இங்கிருந்து எடுபடாமலும் போகும்; வெளிநாட்டிலிருந்து எடுக்க வேறு இலக்கம் ஒன்று அட்டையின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அதை நான் பெரிய எழுத்தில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டினேன்.

எதிர்த்திசையில் போகிறவர்கள் பாடு வேறு. பிள்ளைகளைப் பார்க்க ஜேர்மனிக்கும் பிரான்சுக்கும் போகும் தாய் தகப்பனுக்கு ஷெங்கன் விசா கேட்பது குறைந்தது 30,000 யூரோ காப்பு, பெயரும் திகதியும் போட்ட பத்திரத்தோடு. கனடாவின் சூப்பர் விசாவுக்கு ஒரு வருடத்துக்கு 1,00,000 கனடா டொலர். மகனின் தங்க நிற அட்டை எதுவும் அங்கே செல்லாது.

இன்னொன்றும் உண்டு, அதை யாரும் வாங்கும்போது கேட்பதில்லை. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுகளுக்குப் பிறகு, ஏப்ரல் 25ஆம் திகதி, பிரித்தானிய அரசு அவசியமில்லாமல் இலங்கைக்குப் போகவேண்டாம் என்று அறிவித்தது. ஜூன் 6இல்தான் அதைத் தளர்த்தியது. அப்படி ஓர் அறிவிப்பு நடப்பில் இருக்கும்போது ஏறி வந்தால், பல பத்திரங்கள் கையை விரிக்கும். எத்தனை பத்திரம் வைத்திருந்தாலும் இந்த இடத்தில் எல்லாவற்றிலும் ஒரே ஓட்டை.

மருமகன் கடைசியில் முழுப் பயணத்துக்கும் பத்திரம் எடுத்துக்கொண்டுதான் வந்தான். நெஞ்சு நோகவில்லை, பையும் தொலையவில்லை. திருநாள் முடிந்த அடுத்த கிழமை என் மோட்டார் சைக்கிளில் தலைமன்னார் பியருக்குப் போய்வரப் போகிறேன் என்று கிளம்பினான். லைசன்ஸ் இருக்கிறதா என்று கேட்டேன். எடுத்து நீட்டினான். ஒன்ராறியோவின் ஜி வகுப்பு. அது கார் ஓட்ட. மோட்டார் சைக்கிளுக்கு அங்கேயே எம் வகுப்பு வேண்டும், இங்கே ஓட்ட இலங்கை அனுமதியும் வேண்டும். உரிய லைசன்ஸ் இல்லாமல் ஓட்டி விழுந்தால் ஒரு சதமும் இல்லை என்று அட்டைப் புத்தகத்திலும் இருக்கிறது, புதுப் பத்திரத்திலும் இருக்கிறது. இரண்டிலும் வசனம்கூடக் கிட்டத்தட்ட ஒன்றுதான். "ஊருக்குள்ள ஆர் மாமா பாக்கப்போறாங்கள்" என்றான்.

நான் பத்திரத்தை எடுத்து விளக்கப் போவதற்குள் மாமி திறப்பை எடுத்து அரிசிப் பெட்டிக்குள் போட்டுவிட்டா. அவன் பஸ்ஸில்தான் போனான்.