பட்டுக்கோட்டை பிரபாகரும் எங்கள் தெருவும்

கறம்பக்குடிக்காரர்களான எங்களுக்குப் பட்டுக்கோட்டை பக்கத்து ஊர். அதனால் பட்டுக்கோட்டை பிரபாகரை 'நம்ம ஊர் எழுத்தாளர்' என்றே சொல்லிக்கொள்வோம். 1977இல் ஆனந்த விகடனில் எழுதத் தொடங்கியவர். பிறகு நூற்றுக்கணக்கான மாத நாவல்கள், பரத் - சுசீலா என்ற துப்பறியும் ஜோடி, சினிமா வசனம் என்று வளர்ந்தார்.

நாங்கள் அவற்றைப் புதிதாக வாங்கியதில்லை. பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்ததை எடுத்துப் பத்துப் பேர் கைமாற்றிப் படித்தோம். பாடப்புத்தகம் தவிர எங்களில் பலர் முழுதாகப் படித்து முடித்த முதல் புத்தகம் அதுதான். கடைசிப் பக்கம் கிழிந்திருந்தால், கொலையாளி யாரென்று இருட்டும்வரை வாதாடுவோம்.

அந்த வயதில்தான் ஒருமுறை பக்கத்துத் தோப்பில் மோட்டார் காணாமல் போனது. போலீஸ் ஜீப் நேராக எங்கள் தெருவுக்கு வந்தது. தடயம், சாட்சி எதையும் யாரும் தேடவில்லை. எங்கள் அண்ணன்கள் இருவரை ஏற்றிக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் கழித்து மோட்டார் வேறிடத்தில் கிடைத்தது. அவர்கள் வீங்கிய காலோடு வீடு திரும்பினார்கள். நாங்கள் படித்த நாவல்களில் எங்கள் தெரு வந்ததில்லை. பிரபாகரைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அதை எழுத வேண்டியவர்கள் நாம்தான்.

அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் செஸ்டர் ஹைம்ஸ் அப்படி எழுதியவர். 1909இல் பிறந்தார். 19 வயதில் கொள்ளை வழக்கில் சிறைக்குப் போனார். எழுதத் தொடங்கியதே சிறையில்தான். பிரான்சுக்குப் போன பிறகு, 1957 முதல் நியூயார்க்கின் ஹார்லெமை வைத்துத் துப்பறியும் நாவல்கள் எழுதினார். துப்பறிபவர்கள் இரண்டு கறுப்பினப் போலீஸ்காரர்கள். 1958இல் பிரான்சின் துப்பறியும் இலக்கிய விருது அவருக்குக் கிடைத்தது.

நம் மாவட்டத்து வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்தார்கள். 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் இருந்த மூவரும் அந்தத் தண்ணீரைக் குடித்த மக்களின் தரப்பினரே. ஊர் மக்கள் அதை ஏற்கவில்லை.

தம்பி, தங்கைகளே, க்ரைம் நாவல் படியுங்கள். அதே கண்ணோடு எஃப்.ஐ.ஆரையும் படியுங்கள். சம்பவம் நடந்த நேரம் என்ன, புகார் பதிவான நேரம் என்ன? வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரிதானே விசாரிக்கிறார்? கேளுங்கள், தேதி போட்டுக் குறித்து வையுங்கள். நம் தெருவின் கதையை அந்த நோட்டிலிருந்துதான் எழுத வேண்டும்.