ஸ்டியரிங் வரை தண்ணீர்

2023 டிசம்பர் 17 ராத்திரியை மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. இங்கே தூத்துக்குடியில் அண்ணனின் கார் ஸ்டியரிங் வரை மூழ்கிக் கிடந்தது.

இன்சூரன்ஸ் சர்வேயர் 'டோட்டல் லாஸ்' என்றார். பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அப்படித்தான். ஐ.டி.வி. நாம் வாங்கிய விலை இல்லை. தேய்மானம் போக பாலிசியில் எழுதிய மதிப்பு. இரண்டு வருடம் தாண்டிய வண்டிக்கு 30 சதவீதம் கழித்திருப்பார்கள். வந்த பணமும் முதலில் கார் லோனுக்குத்தான் போனது. மிச்சத்தைப் பார்த்து மதினி அழுதுவிட்டார்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியைத் தயவுசெய்து ஸ்டார்ட் பண்ணாதீர்கள். தண்ணீர் ஏறி இன்ஜின் உடைந்தால், 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் கவர் எடுக்காதவர்களுக்கு அந்தச் செலவை இன்சூரன்ஸ் கம்பெனி மறுத்துவிடலாம். போட்டோ எடுத்துவிட்டு, கட்டி இழுக்க ஆள் கூப்பிடுங்கள்.